சங்கிலியில் பட்டும் வெளியே வந்த பட்: பாஸ்கெட்டின் அமைப்பு நம் பட்டிங்கை எவ்வளவு மாற்றுகிறது?

பம்பரக்கை | சனி, இரவு 8:10

எல்லோருக்கும் வணக்கம். சார்லட்டில் இருக்கிறேன், ஆறு வருடமாக டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன். டிஸ்க் என்கிற தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் பாஸ்கெட்டின் கூடைக்குள் விழவைக்கிற ஆட்டம்; பாஸ்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து அதற்குள் போட எறிவதுதான் பட். நேற்று லீக்கில் ஒரு பட், அதை நினைத்து ராத்திரி தூக்கமே வரவில்லை.

கடைசி ஹோல், இருபது அடி. காற்று இல்லை. வீட்டுப் பின்பக்கம் தினமும் எறிகிற தூரம்தான். கையை விட்டுப் போகும்போதே விழுந்துவிடும் என்று தெரிந்தது. சங்கிலி முழுச் சத்தம் போட்டது, பக்கத்தில் நின்றவர் கைகொடுக்கவே வந்துவிட்டார். டிஸ்க் கம்பத்துக்கு இடப்பக்கமாகச் சங்கிலிக்குள் நுழைந்து, அரைச்சுற்று சுற்றி, பின்வழியாகப் புல்லில் விழுந்தது. குறி தப்பியிருந்தால் மனசு ஆறியிருக்கும். இது குறி தப்பவில்லையே.

இன்று காலை இருட்டு பிரிந்ததும் அதே பாஸ்கெட்டுக்குப் போனேன். போனை முக்காலியில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தேன். நான் வலதுகை, பேக்ஹேண்ட் ஸ்பின் பட், அதாவது புறங்கை முன்னால் வரும்படி, நன்றாகச் சுழற்றி எறிவது. கம்பத்துக்கு வலப்பக்கம் எறிந்தவை பெரும்பாலும் கம்பத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு கூடைக்குள் இறங்கின. இடப்பக்கம் அதே வேகத்தில், அதே உயரத்தில் எறிந்தவை கம்பத்தை விட்டு விலகி ஓடின. இரண்டு மணி நேரம் பார்த்தேன். இது தற்செயல் இல்லை.

"நல்ல பட் எந்தப் பாஸ்கெட்டிலும் தங்கும்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். எனக்கு இப்போது அதில் நம்பிக்கை இல்லை. பாஸ்கெட்டின் அமைப்பு எவ்வளவு, நம் கை எவ்வளவு? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

புதுத்தட்டு | சனி, இரவு 8:42

அண்ணா, நான் ஆட ஆரம்பித்து நாலு மாதம்தான். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி சங்கிலிதானே தொங்குகிறது? பாஸ்கெட் வட்டமாகத்தானே இருக்கிறது? அப்புறம் எப்படி ஒரு பக்கம் மட்டும் துப்பும்?

---

இடதுகை | சனி, இரவு 9:30

தம்பி, வட்டமாக இருப்பது பாஸ்கெட். டிஸ்க்குதான் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது.

சின்ன வயதில் பம்பரம் விட்டிருப்பாய். சுற்றுகிற பம்பரம் சுவரில் உரசினால் நேராகத் திரும்பி வராது, சுவரை ஒட்டி ஒரே பக்கமாக ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சுழற்சி தீர்மானிக்கிறது. இதிலும் அதுதான் நடக்கிறது. வலதுகை பேக்ஹேண்ட் என்றால் மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகார முள் போகிற திசையில் சுற்றுகிறது. அதாவது அதன் முன்விளிம்பு, எறிபவரின் பார்வையில், இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த விளிம்பு சங்கிலியில் உரசும்போது சங்கிலி அதை எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கமாகத் தள்ளுகிறது.

இப்போது யோசித்துப் பார். கம்பத்துக்கு வலப்பக்கம் பட்டால், இடப்பக்கத் தள்ளல் டிஸ்க்கைக் கம்பத்தின் மீதே கொண்டுபோய்ச் சேர்க்கும். இடப்பக்கம் பட்டால் அதே தள்ளல் அதை வெளியே அனுப்பும். அதனால்தான் வலதுகைக்காரர்களுக்கு இடப்பக்கத்தை பலவீனப் பக்கம் என்கிறார்கள். நான் இடதுகை, எனக்கு எல்லாமே தலைகீழ். வலதுகைக்காரர்கள் ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கை முன்னால் வரும்படி, எறிந்தாலும் தலைகீழ்தான்.

எத்தனை சுழற்சியோ அத்தனை தள்ளல். ஸ்பின் பட் போடுகிறவர்களுக்கு இது அதிகம் தெரியும். மெதுவாக உயர்த்தி எறியும் புஷ் பட்டில் சுழற்சி குறைவு, பக்கத் தள்ளலும் குறைவு.

---

வெல்டிங்காரன் | சனி, இரவு 11:15

இடதுகை சொன்னது டிஸ்க்கின் பக்கம். நான் இரும்பு வேலைக்காரன், அதனால் பாஸ்கெட்டின் பக்கத்தைச் சொல்கிறேன்.

பட் போடுகிற டிஸ்க்கான பட்டர் 170, 175 கிராம் இருக்கும். அதை நிறுத்துவது கம்பம் அல்ல, சங்கிலியின் எடையும் தொய்வும்தான். கொடியில் காய்கிற கனமான போர்வையில் பந்து பட்டால் பொத்தென்று கீழே விழுகிறது. இழுத்துக் கட்டிய வலையில் பட்டால் திரும்பி வருகிறது. கனமான சங்கிலி தொய்வாகத் தொங்கினால் அது போர்வை. டிஸ்க்கின் வேகமெல்லாம் சங்கிலியைத் தூக்கி ஆட்டுவதிலேயே செலவாகிவிடும். மெல்லிய சங்கிலி என்றால் டிஸ்க் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கம்பத்தில் மோதும். விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தால் மோதியதும் திரும்பிவிடும்.

தொய்வு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. சங்கிலிகள் மேலே ஒரு வளையத்தில் தொங்கி, கீழே கம்பத்தைச் சுற்றிய இன்னொரு சின்ன வளையத்தில் சேர்கின்றன. அந்தக் கீழ்வளையம் கம்பத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது, மேலே கீழே நகர்கிறதா, இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். அது நகரும்படி இருந்தால் சங்கிலி டிஸ்க்கோடு சேர்ந்து போய் வேகத்தை வாங்கிக்கொள்ளும். துருப் பிடித்து இறுகிப்போயிருந்தால் புதுச் சங்கிலி மாட்டினாலும் பாதிப் பலன்தான்.

இன்னொன்று. சங்கிலிகள் மேலே அகலமாக ஆரம்பித்துக் கீழே கம்பத்தில் குறுகுகின்றன, புனல் மாதிரி. உயரமாகப் பட்டால் அகலம் உண்டு, ஆனால் அங்கே சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடைவெளி பெரிது. தாழ்வாகப் பட்டால் சங்கிலி நெருக்கம், ஆனால் பக்கவாட்டில் இடமே கிடையாது, நேரே கம்பத்தில் போய் மோதும். நடு உயரத்தில்தான் அகலம், அடர்த்தி இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. ஒற்றைச் சுற்றுச் சங்கிலி உள்ள பழைய பாஸ்கெட்டில் அந்த நடுப்பகுதி மிகச் சின்னது. உள்சுற்று இருந்தால் வெளிச்சுற்றின் இடைவெளியில் நுழைந்ததை அது பிடித்துக்கொள்ளும்.

பம்பரக்கை, உங்கள் ஸ்லோ மோஷனில் டிஸ்க் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து போனதா, இல்லை சங்கிலியைத் தள்ளிக்கொண்டு போனதா? இரண்டும் வேறு வேறு நோய்.

---

பழையகம்பம் | ஞாயிறு, காலை 7:05

கலிஃபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். நான் ஆடத் தொடங்கியபோது இங்கே பல இடங்களில் வெறும் கம்பம்தான் இலக்கு. டிஸ்க் பட்டால் டங் என்று சத்தம் வரும். பட்டதா, உரசியதா, காற்றில் போனதா என்று தினமும் வாக்குவாதம்.

எட் ஹெட்ரிக் 1975-இல் லா கனாடா ஃபிளின்ட்ரிட்ஜில் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்த முதல் மைதானத்திலும் தொடக்கத்தில் கம்பங்கள்தான் நின்றன. அந்தப் பூங்காவின் இன்றைய பெயர் ஹஹமோங்னா. ஃபிரிஸ்பி தயாரித்த வாம்-ஓ கம்பெனியில் அதன் மேற்பரப்பில் வரிகள் வைத்து அது நிலையாகப் பறக்க வழிசெய்தவரும் அவரே. கம்பத்தைச் சுற்றிச் சங்கிலி, கீழே கூடை என்ற அமைப்புக்கு 1977-இல் காப்புரிமை வாங்கினார். டிஸ்க்கைப் பிடித்து வைத்துக்கொண்டால் சண்டை இல்லை, யார் போட்டது என்று கண்ணுக்கு முன்னால் கிடக்கும். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவில் உறுப்பினர் எண் 1 அவருடையது. 2002-இல் காலமானார். அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க் வார்த்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாஸ்கெட் பிறந்ததே தீர்ப்புச் சொல்வதற்காக. நல்ல எறிதலைப் பிடிக்க வேண்டும், மோசமானதை விட வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரே சுற்றுச் சங்கிலி, அதில் எத்தனையோ நல்ல பட் உருவிக்கொண்டு போயிருக்கிறது. அப்புறம்தான் உள்சுற்று வந்தது. மாக் 10 என்ற பாஸ்கெட்டில் உள்சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கிறார்கள். இன்னோவாவின் டிஸ்காட்சர் ப்ரோவில் 28 சங்கிலி. இத்தனை வருடமும் அந்தத் தீர்ப்பைச் சரி செய்யத்தான் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

---

மேப்பிள்நிழல் | ஞாயிறு, காலை 9:48

ஐயா எழுதியதைப் படித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும்.

பாஸ்கெட் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். எல்லாப் பாஸ்கெட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிடிஜிஏ விதியில் சாம்பியன்ஷிப் வகைப் பாஸ்கெட்டின் கூடை விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. இருக்க வேண்டும், அதில் 6 கூடலாம், 6 குறையலாம். விதிக்கு உட்பட்ட இரண்டு பாஸ்கெட்டுகளுக்கு நடுவே 12 செ.மீ. வித்தியாசம் இருக்கலாம் என்று அர்த்தம். அது ஒரு பட்டரின் அகலத்தில் பாதிக்கும் மேல். மழையில் அடிமண் கரைந்த இடத்தில் இன்னும் மாறும். கூடை விளிம்பில் டிஸ்க் மோதி விழும்போதெல்லாம் நாம் கையைத்தான் திட்டுகிறோம். சில நாள் கண் பழகிய உயரம் வேறு, நிற்கிற உயரம் வேறு.

நான் மாசசூசெட்ஸ் பக்கம், மேப்பிள் ஹில்லில் அடிக்கடி ஆடுவேன். கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கிற பண்ணைக்குள் அமைந்த மைதானம். அங்கே பட்டிங் பயத்தைத் தருவது சங்கிலி அல்ல, பாஸ்கெட் நிற்கிற இடம். பின்னால் குளம், பக்கத்தில் சரிவு, கல் அடுக்கு. இருபது அடியில் நின்றாலும் தப்பினால் நாற்பது அடி உருண்டுவிடும் என்று தெரிந்தால் கை தானாகவே மெதுவாகும். அது நேர்மையான சோதனை. கண்ணுக்குத் தெரிகிறது, நான் முடிவெடுக்கிறேன். கொக்கி கழன்ற சங்கிலி என்னிடம் எதுவும் சொல்லாமல் தீர்ப்பை மாற்றுகிறது. கஷ்டத்தை மைதானம் அமைப்பவர் தரையில் வைக்கட்டும், இரும்பில் வேண்டாம்.

பம்பரக்கை தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இருபது அடியிலிருந்து இவ்வளவு வேகம் எதற்கு?

---

பம்பரக்கை | ஞாயிறு, மதியம் 1:20

கோபம் எதற்கு அக்கா, அந்தக் கேள்விதான் காலையிலிருந்து என்னைக் குடைகிறது.

வீட்டில் இருப்பது மடித்து எடுத்துப் போகிற சின்னப் பாஸ்கெட். மெல்லிய சங்கிலி. அதில் மெதுவாகப் போட்டால் சத்தமே வராது, வேகமாகப் போட்டால்தான் நன்றாகக் குலுங்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போய், நானே அறியாமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது. பின்னால் வேலி இருப்பதால் தப்பினாலும் பயமில்லை. நாலு வருடமாக என் கைக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாஸ்கெட்தான்.

வெல்டிங்காரன் அண்ணா கேட்டதற்கு: வீடியோவை மறுபடி ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தேன். இடப்பக்கம் போனதில் பாதி, சங்கிலியைத் தள்ளவே இல்லை. இரண்டு சங்கிலிக்கு நடுவே ஒரு கை நுழைகிற அளவு சந்து, அதில் டிஸ்க் அப்படியே போகிறது. இன்று சாயங்காலம் போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.

---

இடதுகை | ஞாயிறு, மதியம் 2:02

வீட்டுப் பாஸ்கெட் பற்றி எழுதியது மிக முக்கியம். எம்விபியின் பிளாக் ஹோல் பிரசிஷன், டைனமிக் டிஸ்க்ஸின் மார்க்ஸ்மேன் மாதிரி வேண்டுமென்றே குறுக்கிச் செய்த பயிற்சிப் பாஸ்கெட்டுகள் இருக்கின்றன. சின்ன இலக்கில் பழகினால் பெரிய இலக்கு எளிதாகிவிடும் என்பது கணக்கு. குறி கூர்மையாகும், அது உண்மை. ஆனால் டிஸ்க் எந்த வேகத்தில் சங்கிலிக்குள் போக வேண்டும் என்பதைக் குறுகலான பாஸ்கெட் சொல்லித் தராது. அதை ஆடப்போகிற மைதானத்தின் பாஸ்கெட்தான் சொல்லும். வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியை அங்கே வைத்துக்கொள்வது நல்லது.

மேப்பிள்நிழல் அக்காவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பாஸ்கெட் இப்போது கொஞ்சம் பெரிது என்பதே என் எண்ணம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் மேல்வரிசை, 11 அடி முதல் 33 அடி வரை உள்ள பட்களில் பத்துக்கு ஒன்பதை ஒட்டிப் போடுகிறார்கள். அந்தத் தூரத்தில் போட்டியே இல்லாமல் போகிறது. குறுக்கினால் என்ன?

---

மேப்பிள்நிழல் | ஞாயிறு, மதியம் 3:15

> குறுக்கினால் என்ன?

புல்வெளி கோல்ஃபோடு வைத்துப் பாருங்கள். குழியின் விட்டம் 108 மி.மீ., பந்து 42.67 மி.மீ. குழி பந்தைப் போல இரண்டரை மடங்கு. எங்கள் பக்கத்துப் பாஸ்கெட்டில் சங்கிலிக்கு மேலே சுற்றியிருக்கிற பட்டைக்குக் குறுக்கே டேப் வைத்து அளந்தேன், சுமார் 55 செ.மீ. வந்தது. பட்டர் 21 செ.மீ. இதுவும் இரண்டரை மடங்குதான்! இத்தனை வருடம் தாக்குப்பிடித்த விளையாட்டின் விகிதம் நமக்கும் தானாகவே வந்து அமைந்திருக்கிறது. அதை நான் தொட மாட்டேன்.

தவிர, டூர் ஆட்டக்காரர்கள் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் அதே பாஸ்கெட்தான். என் பெண் எட்டு வயதில் முதல் பட் போட்டபோது சங்கிலிச் சத்தம் கேட்டுக் குதித்ததைப் பார்த்திருந்தால் குறுக்கச் சொல்ல மாட்டீர்கள்.

---

பழையகம்பம் | ஞாயிறு, மாலை 4:40

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு 2021 உலகச் சாம்பியன்ஷிப்தான் நினைவுக்கு வருகிறது. யூட்டாவில் ஆக்டன். கடைசி ஹோலில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து எறிந்தார். அது உள்ளே போனால்தான் பால் மெக்பெத்தோடு சமநிலை. போயிற்று. கூடுதல் ஹோலில் கான்ராட் வென்றார்.

அந்த வீடியோவை நூறு முறை பார்த்திருப்பேன். டிஸ்க் வளைந்து, மேலிருந்து இறங்கிச் சங்கிலிக்குள் விழுகிறது. இறங்குகிற டிஸ்க்குக்கு அடுத்துப் போக வேண்டிய இடம் கூடை. மட்டமாகப் பாய்ந்து வருகிற டிஸ்க்குக்கு அடுத்த இடம் பாஸ்கெட்டின் மறுபக்கம். 247 அடியிலிருந்து வந்தது தங்கிவிட்டது, இருபது அடியிலிருந்து போனது தங்கவில்லை என்றால் அதில் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. தம்பி, வேகத்தைக் கழித்துவிட்டு உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். சங்கிலியைத் தொடும் இடத்தில் டிஸ்க் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

---

புதுத்தட்டு | ஞாயிறு, மாலை 5:10

நடுவே ஒரு கேள்வி. இன்று என் டிஸ்க் பாஸ்கெட்டின் உச்சியில், பட்டைக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. அது கணக்கா?

---

இடதுகை | ஞாயிறு, மாலை 5:14

கணக்கில்லை. சங்கிலியோ கூடையோ அதைத் தாங்கி நிற்க வேண்டும். எடுத்துக்கொண்டு இன்னொரு பட் போடு. பட்டையில் அடிக்கடி படுகிறதென்றால் உன் கண் மஞ்சள் பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாஸ்கெட்டில் பளிச்சென்று தெரிவது அதுதான், கண் தானாக அங்கே போகும். நடு உயரத்தில், கம்பத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம், ஒரே ஒரு சங்கிலியைத் தேர்ந்தெடுத்து அதில் ஒரு கண்ணியை மட்டும் பார். நான் இடப்பக்கக் கண்ணியைப் பார்ப்பேன்.

---

பம்பரக்கை | ஞாயிறு, இரவு 8:35

போய்விட்டு வந்தேன்.

கம்பத்தின் இடப்பக்கம் உள்சுற்றில் இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றின் கொக்கி மேல்வளையத்தில் தன் இடத்தை விட்டு நகர்ந்து பக்கத்துச் சங்கிலியோடு மாட்டியிருந்தது. தூரத்தில் நின்றால் தெரியாது, நானும் ஆறு வருடமாகப் பார்த்ததில்லை. ஒரு சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் சந்து, பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. விரலால் பிரித்துவிட்டேன், கொக்கியை மட்டும் கையால் வளைக்க முடியவில்லை. பூங்கா அலுவலகத்துக்குப் படத்தோடு எழுதியிருக்கிறேன்.

பிரித்த பிறகு மறுபடி எறிந்து பார்த்தேன். அதே வேகத்தில் இடப்பக்கம் போட்டால் முன்பைவிட அதிகம் தங்குகிறது. ஆனாலும் வலப்பக்கம் அளவுக்கு இல்லை. இடதுகை அண்ணா சொன்ன தள்ளல் அப்படியே இருக்கிறது. அப்புறம் ஐயா சொன்ன மாதிரி மெதுவாக, உயர்த்தி, இறங்கவிட்டுப் போட்டேன். இடப்பக்கம் பட்டதும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. சத்தம் பாதிகூட இல்லை.

என் கேள்விக்கு என் பதில்: வெள்ளிக்கிழமை பட்டில் மூன்று விஷயம் சேர்ந்திருந்தன. நான் பலவீனப் பக்கத்தில் எறிந்தேன், தேவைக்கு மேல் வேகம், அந்த இடத்தில் சங்கிலி இல்லை. முதல் இரண்டும் என் கையில் இருக்கின்றன. மூன்றாவதை இனி ஆட்டத்துக்கு முன்னால் நடந்து பார்த்துவிடுவேன்.

---

வெல்டிங்காரன் | ஞாயிறு, இரவு 9:20

கொக்கியைக் கையால் வளைக்க வேண்டாம், விரல் போய்விடும். அலுவலகத்தில் அனுமதி வாங்கிச் சொல்லுங்கள், நான் கிரீன்வில்லிலிருந்து சனிக்கிழமை வர முடியும். இரண்டு குறடும் கொஞ்சம் கிரீஸும் போதும். கீழ்வளையம் நகர்கிறதா என்று பார்த்தீர்களா?

---

பம்பரக்கை | ஞாயிறு, இரவு 9:26

இல்லை. துருப் பிடித்து இறுகியிருக்கிறது.

---

வெல்டிங்காரன் | ஞாயிறு, இரவு 9:31

சரி, கம்பி பிரஷ்ஷும் எடுத்து வருகிறேன்.

---

இடதுகை | ஞாயிறு, இரவு 9:50

அனுமதி கிடைத்தால் நானும் வருகிறேன், காலை எட்டு மணி. சரி செய்வதற்கு முன்னால் ஐம்பது, செய்த பிறகு ஐம்பது எறிவோம். பம்பரக்கை வலதுகையில், நான் இடதுகையில். முக்காலியை மறக்காதீர்கள்.